பழைய கல் வீடு வாங்கும் முன் கட்டட ஆய்வு: முழுமையான வழிகாட்டி

கிராமப்புறத்தில் பழைய கல் வீடு வாங்குபவர்கள் பலரும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். வீடு பிடிக்கிறது, விலை பேசுகிறார்கள், முன்பணம் கொடுக்கிறார்கள். அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று ஒரு என்ஜினியரை அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டுகிறார்கள். அவரும் பார்த்துவிட்டு, "சுவரெல்லாம் திடமா இருக்கு, கூரையை மட்டும் கவனிங்க" என்கிறார். இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. எந்தச் சுவர், எதைப் பார்த்துச் சொன்னார், எதைப் பார்க்காமல் விட்டார் என்று எதுவும் அதில் இல்லை.

நல்ல ஆய்வில் பாதி வேலை ஆய்வாளர் வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. என்ன கேட்கிறோம், எதைத் திறந்து காட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதிலும் கிடைக்கும். கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. கையெழுத்துக்கு முன் ஆய்வு

ஆய்வு முடிந்த பிறகுதான் இறுதி முடிவு என்பதை விற்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒப்பந்தம் எழுதியே ஆக வேண்டும் என்றால், பெரிய பழுது தெரிந்தால் முன்பணம் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையை வழக்கறிஞர் மூலம் அதிலேயே சேர்த்துவிடுங்கள். எது பெரிய பழுது என்பதும் அதில் இருக்க வேண்டும். "குறிப்பிட்ட தொகைக்கு மேல் பழுதுச் செலவு" என்று எழுதினால் பின்னால் வாக்குவாதம் வராது.

பணம் கொடுத்த பிறகு ஆய்வு செய்தால், அறிக்கையில் இருக்கும் ஆறுதலான வரிகளை மட்டும் தேடிப் படிப்போம். எச்சரிக்கைகள் கண்ணில் படாது. இதைப் பலரிடம் பார்த்துவிட்டேன்.

இன்னொரு குழப்பம்: வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வந்து போய்விட்டார், அதுவே போதும் என்று நினைப்பது. அவர் பார்ப்பது கொடுக்கும் கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்பதை. சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை இல்லை.

2. முதல் சுற்று நீங்களே

ஆய்வாளரை அழைக்கும் முன் வீட்டைச் சுற்றி ஒரு முறை நிதானமாக நடந்து பாருங்கள். நீங்கள் நிபுணர் ஆக வேண்டியதில்லை. எந்த இடத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சுற்று.

முடிந்தால் நல்ல மழை பெய்யும்போதோ, பெய்து ஓய்ந்த உடனேயோ போங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, சுவரடியில் தேங்குகிறதா, மேட்டிலிருந்து வரும் வெள்ளம் வீட்டை நோக்கி ஓடுகிறதா என்பதெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். வெயில் நாளில் வரும் எந்த நிபுணருக்கும் இது தெரியாது.

நான்கு பக்கமும் தூரத்தில் நின்று முழுச் சுவரும் தெரியும்படி படம் எடுங்கள். அப்புறம் மூலையில் முகத்தைச் சுவரோடு ஒட்டி, சுவரின் நீளத்துக்கு ஒரு கண்ணால் பாருங்கள். நேரே பார்த்தால் தெரியாத வளைவும் உப்பலும் இப்படிப் பார்க்கும்போது தெரியும்.

உள்ளே, ஒரே ஒரு இடத்தில் மட்டும் புதுப் பூச்சோ புது வண்ணமோ இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். சுவரோரம் நகர்த்த முடியாத அலமாரி, ஒரு சுவருக்கு மட்டும் பலகை அடித்திருப்பது, இவையும் கணக்கில் வரும். விற்பவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. அவருக்கு முன் இருந்தவர் மூடியதாகவும் இருக்கலாம். ஆனால் மூடியதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

வீட்டின் கதையையும் கேளுங்கள்: கூரை எப்போது மாற்றினார்கள், எந்தச் சுவரை இடித்தார்கள், எந்த அறை பின்னால் சேர்த்தது, எத்தனை வருடம் பூட்டிக் கிடந்தது. இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். ஆள் இல்லாத வீட்டில் நழுவிய ஓட்டைச் சரிசெய்ய யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஒரு ஓடு நழுவியதற்கும் ஒரு விட்டம் மக்கியதற்கும் நடுவே நடந்தது அந்தப் பூட்டிய வருடங்கள்தான்.

3. கல் கட்டுமானம் தெரிந்த ஆள்

இந்தப் படியில் தடுக்கி விழுபவர்கள்தான் அதிகம். கான்கிரீட் கட்டடங்களில் இருபது வருட அனுபவம் உள்ள திறமையான ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர்கூடப் பழைய கல் வீட்டைத் தவறாகப் படிக்கக்கூடும். சுண்ணாம்புக் காரையிலோ மண்ணிலோ கட்டிய சுவர் கொஞ்சம் அசையும், ஈரத்தை உறிஞ்சும், காயும். அதன் இயல்பே அது. கான்கிரீட் கண்ணோடு பார்ப்பவர் ஒன்று எல்லாவற்றையும் ஆபத்து என்பார், அல்லது சிமென்ட் பூசினால் சரியாகிவிடும் என்பார். இரண்டாவது இன்னும் மோசம்.

தொலைபேசியிலேயே இரண்டு கேள்விகள் கேளுங்கள். கடைசியாகப் பார்த்த கல் வீட்டில் என்ன பிரச்சினை, அதற்கு என்ன தீர்வு சொன்னீர்கள்? சுவரில் ஓதம் (ஊறியிருக்கும் ஈரம்) இருந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? "வெளியே மண் மட்டம், கூரை வடிகால், பூச்சு என்ன பூச்சு என்று பார்ப்பேன்" என்பவரிடம் மேற்கொண்டு பேசலாம். எடுத்ததும் ரசாயன ஊசி (ஈரத்தைத் தடுக்கச் சுவரில் துளையிட்டு மருந்து ஏற்றுவது), நீர்புகாப் பூச்சு என்று தொடங்கினால் வேறு ஆளைத் தேடுங்கள்.

அவர் முன்பு எழுதிய அறிக்கை ஒன்றை, வீட்டுக்காரரின் பெயர், முகவரியை மறைத்துத் தரும்படி கேட்டு வாங்கிப் படியுங்கள். எந்த அறிக்கையிலும் பொதுவான எச்சரிக்கைகள் இருக்கும். அந்த வீட்டுக்கே உரிய கவனிப்புகளும், ஒவ்வொரு பழுதுக்கும் காரணமும் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். காரணம் இல்லாத பழுதுப் பட்டியல் உங்களுக்குப் பயன்படாது. அவருக்குத் தொழில் பொறுப்புக் காப்பீடு (அவர் தவறால் வரும் இழப்பை ஈடுகட்டும் காப்பீடு) இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பழுதுபார்க்கும் நிறுவனங்கள் தரும் இலவச ஆய்வு வேண்டாம். மருந்து விற்பவர் சோதித்தால் நோய் இருக்கத்தான் செய்யும். விற்பவரோ தரகரோ சிபாரிசு செய்யும் ஆளையும் தவிர்ப்பது நல்லது.

4. கேள்விகளை எழுத்தில் கொடுங்கள்

"வீட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றால் பொதுவான பதில்தான் வரும். நீங்கள் எடுத்த படங்களோடு ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் கேள்விகள் இருக்கட்டும்: வடக்குச் சுவரின் நடுவில் உப்பியிருப்பது பழைய அசைவா, இன்னும் நடக்கிறதா? படுக்கையறை விட்டத்தின் முனை சுவருக்குள் எந்த நிலையில் இருக்கிறது? பின்னால் சேர்த்த அறை பழைய சுவரோடு பிணைந்திருக்கிறதா, ஒட்டிக்கொண்டு நிற்கிறதா?

வாங்கிய பிறகு என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். மாடியில் அறை எடுப்பது, இரண்டு அறைகளை ஒன்றாக்குவது, கூரை மாற்றுவது எதுவாக இருந்தாலும் சரி. இன்று சுமக்கும் எடைக்குப் போதுமான சுவர், நாளை நீங்கள் ஏற்றப்போகும் எடைக்குப் போதாமல் போகலாம். இதைச் சொல்லாததால் ஆய்வை இரண்டு முறை செய்தவர்கள் உண்டு.

அறிக்கையில் என்னென்ன வேண்டும் என்பதும் கடிதத்தில் வரட்டும்: ஒவ்வொரு பழுதுக்கும் காரணம், அவசரம், உத்தேசச் செலவு, பார்க்க முடியாத இடங்களின் பட்டியல், படங்கள். அறிக்கை தந்த பிறகு நேரில் பேச ஒரு மணி நேரம் ஒதுக்கும்படியும் கேளுங்கள். பல ஆய்வாளர்கள் எழுதத் தயங்குவதைப் பேசும்போது சொல்வார்கள்.

நிலநடுக்க அபாயம் உள்ள பகுதி என்றால் அதைத் தனிக் கேள்வியாக வையுங்கள். இணைப்பு இல்லாத கல் சுவர்கள் பக்கவாட்டு அதிர்ச்சியைத் தாங்குவதில் மிகவும் பலவீனமானவை. சுவர்கள் மூலைகளில் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றனவா, தளமும் கூரையும் சுவரோடு கட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

5. வீட்டைத் திறந்து வைக்கும் ஏற்பாடு

ஆய்வாளர் வந்து நிற்கும்போது பரண் கதவு ஆணி அடித்து மூடியிருக்கும், பின்கட்டுச் சாவி ஊரில் இல்லாத உறவினரிடம் இருக்கும். அறிக்கையில் "பார்க்க இயலவில்லை" என்று ஒரு வரி வரும். அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம் கொடுக்கிறீர்கள்.

அதனால் முந்தின நாளே எல்லாச் சாவிகளும், உயரமான ஏணியும், மின்சாரம் இல்லையென்றால் நல்ல விளக்கும் தயாராக இருக்கட்டும். சுவரோர அலமாரிகளை நகர்த்தச் சொல்லுங்கள். வெளிச்சுவரை மூடியிருக்கும் கொடிகளை அடியில் கொஞ்சமாவது விலக்கி வையுங்கள். வேரோடு பிடுங்க வேண்டாம், காரையும் சேர்ந்து வந்துவிடும்.

தரைப் பலகையைத் தூக்குவது, பூச்சைக் கொஞ்சம் உடைப்பது, காரை இடுக்கில் சிறு துளை போடுவது போன்றவற்றுக்கு உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். எங்கே, எவ்வளவு, யார் திரும்ப அடைப்பது என்று தெளிவாக எழுதிக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பாரம்பரியக் கட்டடமாகப் பாதுகாக்கப்பட்ட வீடு என்றால் அரசு அனுமதியும் தேவைப்படலாம். அதை முன்பே விசாரியுங்கள். அப்படிப்பட்ட வீட்டில் வாங்கிய பிறகு செய்யும் பழுதுவேலைக்கும் அதே கட்டுப்பாடு இருக்கும் என்பதால் செலவுக் கணக்கும் மாறும்.

6. ஆய்வு நாள்: கூரையிலிருந்து தொடக்கம்

நீங்களும் கூடவே இருங்கள். ஆனால் வழிகாட்டாதீர்கள். அவர் முதலில் தனியாகச் சுற்றட்டும், கேள்விகள் கடைசியில்.

மேலிருந்து கீழே போவது நல்ல வரிசை. தண்ணீர் மேலிருந்துதான் வருகிறது, எடையும் மேலிருந்துதான் இறங்குகிறது. கீழே தெரியும் பெரும்பாலான பழுதுகளுக்குக் காரணம் மேலே இருக்கும்.

கூரையில் முகட்டுக் கோடு நேராக இருக்கிறதா, நடுவில் தொய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். பரணுக்குள் ஏறி, கைமரங்கள் (கூரையைத் தாங்கும் சாய்வு மரங்கள்) அடியில் குறுக்கு விட்டத்தால் இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்த இணைப்பு இல்லாவிட்டால் கூரையின் எடை கைமரங்களை வெளிப்பக்கமாகத் தள்ளும். கூடவே சுவரின் தலையும் வெளியே போகும். பரணில் நிமிர்ந்து நடக்க வசதியாக யாரோ ஒருவர் அந்தக் குறுக்கு மரத்தை அறுத்துவிட்டிருப்பது பழைய வீடுகளில் அடிக்கடி காணும் காட்சி. அறுத்தவர் போய்விட்டார். சுவர் மட்டும் மெல்ல மெல்ல வெளியே சாய்ந்துகொண்டிருக்கும்.

பழைய கூரையை எடுத்துவிட்டு அதைவிடக் கனமான ஓடு போட்டிருக்கிறார்களா என்பதும் கேள்வி. புல் வேய்ந்திருந்த கூரைக்குப் போட்ட மரங்கள் ஓட்டைச் சுமக்கும்படி அமைந்தவை அல்ல.

கூரை விளிம்பில் தண்ணீர் பிடிக்கும் வாய்க்கால், இறக்குக் குழாய், இரண்டு சாய்வுகள் சேரும் பள்ளம், புகைபோக்கி கூரையைத் துளைத்து வரும் இடம் இந்த நான்கையும் தனித்தனியாகப் படம் எடுக்கச் சொல்லுங்கள். மலிவாகச் சரிசெய்யக்கூடியவை இவைதான். சரிசெய்யாமல் விட்டால் செலவை ஏற்றுபவையும் இவைதான்.

7. சுவர்: உள்ளே என்ன இருக்கிறது

வெளியிலிருந்து பார்த்தால் கல் சுவர் ஒரே கனமான பாளம் போலத் தெரியும். 45 முதல் 60 செ.மீ. அல்லது அதற்கும் மேலான கனமுள்ள பழைய சுவர்கள் பெரும்பாலும் இரண்டு முகங்களாகக் கட்டப்பட்டவை. வெளியே ஒரு கல் வரிசை, உள்ளே ஒரு கல் வரிசை, நடுவே சல்லியும் மண்ணும் காரையும் போட்ட நிரப்பு. இரண்டு முகங்களையும் பிடித்து வைப்பது இடையிடையே சுவரின் முழுக் கனத்துக்கும் வைத்த நீளமான குறுக்குக் கற்கள்.

இதைப் புரிந்துகொண்டால் சுவரின் நோய் எப்படி வருகிறது என்பதும் புரியும். சுவரின் தலைவழியாகத் தண்ணீர் இறங்கினால் நடு நிரப்பில் உள்ள காரை கரைந்து, சல்லி கீழே இறங்கிக் கெட்டிப்படும். அது இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி தள்ளும். குறுக்குக் கற்கள் குறைவாக இருந்தால் வெளிமுகம் மட்டும் பிரிந்து வயிறு தள்ளிக்கொண்டு வரும். உள்ளே நிற்பவருக்கு எதுவும் தெரியாது, உள்முகம் நேராகவே இருக்கும்.

அதனால் சாய்வையும் உப்பலையும் பிரித்துக் கேட்க வேண்டும். சுவர் முழுதாகச் சாய்ந்திருந்தால் உள்முகமும் அதே அளவு சாய்ந்திருக்கும். அப்போது அஸ்திவாரத்தையும் கூரைத் தள்ளலையும் பார்க்க வேண்டும். வெளிமுகம் மட்டும் உப்பியிருந்தால் சுவரே இரண்டாகப் பிரிகிறது. தூக்குக்குண்டை மேலிருந்து தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே உயரங்களில் நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதினால் இது தெரிந்துவிடும். லேசர் கருவியாலும் அளக்கலாம். எதுவானாலும் எண்கள் அறிக்கையில் வர வேண்டும். "லேசான சாய்வு" என்பது அளவு இல்லை.

சாய்வு எவ்வளவு வரை பரவாயில்லை? எடை இறங்கும் கோடு சுவரின் கனத்தில் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கும் வரை சுவர் முழுவதும் அழுத்தத்திலேயே இருக்கும் என்பது பொறியாளர்களின் அடிப்படைக் கணக்கு. அதைத் தாண்டினால் ஒரு பக்கம் திறக்கப் பார்க்கும். ஆனால் இந்தக் கணக்கு இரண்டு முகங்களும் சேர்ந்து ஒரே சுவராக வேலை செய்தால்தான் பொருந்தும். முகங்கள் பிரிந்த சுவருக்கு முழுக் கனத்தை வைத்துக் கணக்குப் போட்டால் விடை தவறு. இந்த நுணுக்கம் தெரிந்தவரா என்பதே உங்கள் ஆய்வாளரைப் பற்றிய நல்ல சோதனை.

உள்ளே காலியா, நிறைந்திருக்கிறதா என்று சிறு சுத்தியலால் தட்டிக் கேட்பார்கள். சந்தேகமான இடத்தில் காரை இடுக்கில் ஒரு சிறு துளை போட்டு, மெல்லிய குழாய்க் கேமராவை விட்டுப் பார்க்கலாம். கல்லில் துளை போட வேண்டாம்.

வெளிச்சுவரில் இரும்புத் தட்டோ, பெருக்கல் குறி போன்ற இரும்போ பதிந்திருந்தால் பயந்துவிடாதீர்கள். உள்ளே ஓடும் கம்பியின் முனை அது. எப்போதோ யாரோ சுவரை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கம்பி இன்னும் இறுக்கமாக இருக்கிறதா, கட்டிய பிறகும் சுவர் நகர்ந்திருக்கிறதா என்பதே கேள்வி.

கல் இடுக்குகளில் சிமென்ட் பூசியிருந்தால் அதை அழகு வேலையாக எண்ணிக் கடந்துபோகக் கூடாது. சுண்ணாம்புக் காரை வழியாக ஈரம் வெளியேறும், சிமென்ட் வழியாக அவ்வளவாக வெளியேறாது. இடுக்கில் வழி அடைபட்ட ஈரம் கல் வழியாகவே வரும். மென்மையான கல்லாக இருந்தால் அதன் முகம் செதில் செதிலாக உதிரும். சிமென்ட் கோடு துருத்திக்கொண்டு கல் உள்ளே போயிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

8. விரிசல்களைப் படிப்பது

எல்லா விரிசலும் ஆபத்து இல்லை. பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவுகோலைப் பல ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். அதன்படி 1 மி.மீ. வரை மிகச் சிறியது, 5 மி.மீ. வரை சிறியது, 5 முதல் 15 வரை நடுத்தரம், 15 முதல் 25 வரை கடுமையானது, 25-க்கு மேல் மிகக் கடுமையானது.

அகலத்தைவிட வடிவம் அதிகம் பேசும். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் ஒரு முனை கீழே இறங்குகிறது, அல்லது மேல்பக்கம் விரிகிறது. மூலையில் செங்குத்தாக ஓடினால் இரண்டு சுவர்களும் பிரிகின்றன. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலே போனால் ஜன்னலுக்கு மேல் சுவரைத் தாங்கும் லிண்டலைப் பார்க்க வேண்டும். மரலிண்டல் என்றால் சுவருக்குள்ளேயே மக்கியிருக்கலாம். பழைய வீட்டுக்கும் பின்னால் சேர்த்த அறைக்கும் நடுவே நேர்கோடாக ஓடும் விரிசல் பெரும்பாலும் இரண்டு கட்டுமானங்களும் பிணையாததால் வந்தது.

அப்புறம் வயது. விரிசலின் விளிம்பு மழுங்கி, உள்ளே தூசியும் பழைய வண்ணமும் இருந்தால் பழையது. விளிம்பு கூர்மையாக, உள்ளே சுத்தமாக இருந்தால் அண்மையில் வந்தது. அடைத்த இடம் மறுபடி திறந்திருந்தால் அசைவு இன்னும் நிற்கவில்லை.

நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்றால் விரிசலின் குறுக்கே அளவுப் பட்டை ஒட்டிக் கண்காணிக்க வேண்டும். மழைக்காலம், கோடை என்று பருவத்தோடு மண் விரிந்து சுருங்குவதால் ஒரு முழு ஆண்டு பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும். எந்த விற்பவரும் அவ்வளவு காலம் காத்திருக்க மாட்டார். அந்த நிலையில் மோசமான சாத்தியத்தை வைத்து விலை பேசுவதுதான் சரி.

9. ஓதம்

ஈரமானியைச் சுவரில் குத்தி, அது சிவப்பு காட்டியதும் "ஓதம் ஏறியிருக்கிறது" என்று எழுதும் அறிக்கையை நம்பாதீர்கள். ஊசி முனை உள்ள ஈரமானிகள் மரத்துக்காக அளவு குறிக்கப்பட்டவை. சுவரில் உப்பு இருந்தாலே அதிகமாகக் காட்டும். பழைய சுவரில் உப்பு இல்லாமல் இருப்பது அரிது. எந்த இடம் பக்கத்து இடத்தைவிட ஈரம் என்று ஒப்பிட மட்டும் அந்தக் கருவி உதவும். உண்மையான அளவு வேண்டுமென்றால் சுவருக்குள்ளிருந்து மாதிரி எடுத்து, எடை போட்டு, உலர்த்தி, மறுபடி எடை போட வேண்டும்.

காரணங்களைத் தேடும் வரிசை எளியது. வெளியே மண் மட்டம் உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா? வருடக்கணக்கில் மண்ணும் தளமும் சேர்ந்து உயர்ந்திருக்கும். வெளிமட்டம் உள்தரையைவிட 15 செ.மீ. ஆவது தாழ்ந்திருந்தால் நல்லது. இறக்குக் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா? சுவருக்குச் சிமென்ட் பூச்சோ பிளாஸ்டிக் வண்ணமோ அடித்திருக்கிறதா? உள்ளே பழைய தரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டிருக்கிறதா? தரை வழியாக வெளியேற முடியாத ஈரம் சுவரைத் தேடிப் போகும்.

சல்லி நிரப்பிய தடித்த சுவரில் ரசாயன ஊசி போடுவது பெரும்பாலும் வீண்செலவு. மருந்து தொடர்ச்சியான ஒரு தடுப்பாகப் பரவ உள்ளே சீரான பாதை கிடையாது. வடிகாலும் மண் மட்டமும் சரிசெய்த பிறகும் ஈரம் நீடித்தால்தான் வேறு யோசனை.

10. மரம்

தெரியும் பகுதி பளபளப்பாக இருக்கலாம். விட்டம் கெடுவது சுவருக்குள் நுழையும் முனையில். ஈரச் சுவருக்குள் காற்றுப் படாமல் இருக்கும் இடம் அது. ஆய்வாளர் ஒவ்வொரு முனையையும் குத்தூசியால் குத்திப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். முழுக் கைப்பிடி பலத்துக்கும் ஊசி சில மி.மீ. மட்டும் போனால் நல்லது, வெண்ணெய்போல இறங்கினால் தெரிந்துவிடும். மெல்லிய துளைக் கருவியால் உள்ளுறுதியை அளக்கும் முறையும் உண்டு.

மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் மக்கச் செய்யும் பூஞ்சை வளராது. அதற்கு மேல் என்றால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் மரத்தை மட்டும் மாற்றுவதில் பொருளில்லை. பூச்சித் துளைகளில் புது மரத்தூள் உதிர்கிறதா, கரையான் மண்பாதை இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். பழைய துளைகள் மட்டும் இருந்தால் பெரும்பாலும் முடிந்துபோன கதை.

11. தரைக்குக் கீழே

பழைய கல் வீடுகள் பலவற்றுக்கு இன்று நாம் அஸ்திவாரம் என்று சொல்வது கிடையாது. பெரிய கற்களைச் சற்று ஆழத்தில் வைத்து அப்படியே எழுப்பியிருப்பார்கள். அது குறையில்லை. பல தலைமுறையாக நிற்கும் சுவருக்குக் கீழ் மண் எப்போதோ கெட்டிப்பட்டிருக்கும். அதைக் கலைக்கும் மாற்றம் ஏதாவது நடந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி: உடைந்த வடிகால் குழாய், சுவரோரம் வளர்ந்த அல்லது அண்மையில் வெட்டிய பெரிய மரம், பக்கத்தில் தோண்டிய பள்ளம்.

களிமண் நிலத்தில் மரங்களின் பாதிப்பு கூடும். வடிகால் குழாய்களுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனைக்கு ஆகும் செலவு, அது தவிர்க்கும் செலவோடு ஒப்பிட்டால் சிறியது. சரிவில் கட்டிய வீடு என்றால் பின்சுவர் மண்ணைத் தாங்கி நிற்கிறதா, வீட்டுக்கு மேலே உள்ள தடுப்புச் சுவர் யாருடையது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றிரண்டு இடத்தில் சுவரடியில் சிறு குழி தோண்டிப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் சுவர் நெடுக வாய்க்கால் தோண்ட யாரையும் விடாதீர்கள், அதுவே சுவரை இறக்கிவிடும்.

12. அறிக்கையைப் பின்னாலிருந்து படியுங்கள்

முதல் பக்கச் சுருக்கத்தைப் படித்துவிட்டு நிம்மதி அடைவதுதான் வழக்கமான தவறு. நான் முதலில் படிக்கச் சொல்வது "பார்க்க இயலாத இடங்கள்" பட்டியலை. அந்தப் பட்டியலில் விட்ட முனைகளும் பரணும் இருந்தால், "மரங்கள் பொதுவாக நல்ல நிலையில் உள்ளன" என்ற வரிக்கு அர்த்தமே மாறிவிடுகிறது.

அடுத்து "மேற்கொண்டு ஆய்வு தேவை" என்று எழுதிய இடங்கள். இதை ஆய்வாளர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியதாகப் பலரும் எண்ணிவிடுகிறார்கள். சில நேரம் அப்படியும் இருக்கும். அவரிடமே கேளுங்கள்: இந்தச் சோதனை செய்யாவிட்டால் மோசமாக என்ன இருக்கக்கூடும், அதற்கு என்ன செலவாகும்? பெரிய தொகை என்றால் சோதனையைக் கையெழுத்துக்கு முன் செய்துவிடுங்கள். சிறிய தொகை என்றால் அதைச் செலவில் சேர்த்துக்கொண்டு நகரலாம்.

பிறகுதான் பழுதுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுதியிருக்கிறதா என்று பென்சிலால் குறியுங்கள். காரணம் இல்லாதவற்றை நேர்ச் சந்திப்புக்கு எடுத்துப்போங்கள். கருங்கல் பாறைப் பகுதியில் ரேடான் (நிலத்திலிருந்து கசியும் கதிரியக்க வாயு), பழைய ஷீட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ், பழைய மின்கம்பிகள் இவை கட்டமைப்பு ஆய்வில் பெரும்பாலும் வராது. தனித்தனி ஆட்கள் வேண்டும்.

13. செலவுக் கணக்கும் பேரமும்

அறிக்கையில் வரும் தொகைகள் உத்தேசம்தான். பெரிய வேலைகளுக்குச் சுண்ணாம்புக் காரை வேலை தெரிந்த கொத்தனாரையும் தச்சரையும் வீட்டுக்கே அழைத்து மதிப்பீடு வாங்குங்கள். ஆள் கிடைக்கிறார்களா என்பதும் இப்போதே தெரிந்துவிடும். செலவைவிட இதுதான் சில ஊர்களில் பெரிய பிரச்சினை.

கணக்கை மூன்றாகப் பிரியுங்கள்: குடியேறும் முன் செய்தே ஆக வேண்டியவை, ஓரிரு ஆண்டில் செய்ய வேண்டியவை, வசதிப்பட்டபோது செய்பவை. சுவருக்குள் என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரியாத வேலை என்பதால் முதல் பகுதியின் மேல் தாராளமாக ஒரு தொகையைக் கூடுதலாக ஒதுக்குங்கள்.

பேரத்தில் முதல் பகுதியை மட்டும் முன்வையுங்கள். வீடு பழையது என்பது விலையிலேயே இருக்கிறது என்று விற்பவர் சொன்னால் அது நியாயம்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து ஆய்வில் வெளிப்பட்ட பழுது வேறு. அறிக்கை முழுவதையும் கொடுக்காமல், அந்தப் பக்கங்களையும் கொத்தனார் மதிப்பீட்டையும் மட்டும் காட்டுங்கள்.

விற்பவர் தானே சரிசெய்து தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். விற்பதற்காகச் செய்யும் வேலை சிமென்ட் பூச்சாகத்தான் முடியும், அதை எடுப்பதற்கு உங்களுக்கு இரட்டிப்புச் செலவு. விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

வாங்குவது உறுதியானால் வேலையைக் கூரையிலும் வடிகாலிலும் தொடங்குங்கள். அப்புறம் மண் மட்டம், அதற்குப் பிறகு சுவரும் மரமும். உள்பூச்சும் வண்ணமும் கடைசி. தடித்த கல் சுவர் உலர ஓரிரு ஆண்டுகள்கூட ஆகும். அதற்குள் வண்ணம் அடித்தால் உரிந்து வந்துவிடும்.